கணக்கும் கதையும்

கணிதத்தை மனனஞ் செய்து கற்றல் தகுமோ தகாதோ என்னும் வாதம் ஆசிரியரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. மனனம் அறிவை மழுங்கச் செய்யும் என்பர் ஒருசாரார். வாய்பாடு வாராத பிள்ளைக்குக் கணக்கும் வாராது என்பர் மற்றொருசாரார். இருசாராரும் மனனம் என்பதை ஒரு தன்மைத்தாகவே கொண்டு பேசுகின்றனர். நம் முன்னோரின் பள்ளிகளையும் சுவடிகளையும் உற்று நோக்குவார்க்கு அது பல தன்மைத்து என்பது புலனாகும். ஓசையாற் பதிவது ஒன்று. பொருளாற் பதிவது ஒன்று. கதையாற் பதிவது பிறிதொன்று. ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட விடயம் மூன்றாவதேயாயினும், முன்னிரண்டையும் தொடாது அதனை விளக்குதல் இயலாது.

திண்ணைப் பள்ளியிற் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகியது. பின்னர் ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வந்தன. கணக்குக்குரிய நூல் எண்சுவடி. முழு எண்களின் பெருக்கம், பின்னங்களின் பெருக்கம், நெல்லளவு, நிலவளவு ஆகியவை அதில் முறைப்படி அமைந்திருந்தன. சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னின்று சொல்ல, ஏனையோர் ஒருமித்துச் சொல்வர். சில சுவடிகளில் ஒவ்வொரு வாய்பாட்டின் ஈற்றிலும் அதன் பெருக்கங்களையெல்லாம் கூட்டிய தொகை தரப்பட்டிருக்கும். மூன்றாம் வாய்பாட்டைப் பத்து வரை சொன்ன பிள்ளை, ஈற்றில் 165 என்று முடித்தல் வேண்டும். இடையில் ஒன்று பிழைத்திருப்பின் தொகை பிழைக்கும். ஓசையால் வந்த மனனத்துக்கு அறிவாற் காவல் வைத்த முறை இது. இதனை வெறுங் கிளிப்பாடம் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் தமது முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திற் பரவிய அம்முறைக்குச் சென்னையின் பெயரே வழங்கிற்று.

இனிப் பின்னங்களை நோக்குவோம். தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16. முந்திரியை அலகாக வைத்து மீண்டும் 320ஆகப் பகுத்தால் வருவது கீழ்முந்திரி, அஃதாவது 1/1,02,400. மாவை மாவாற் பெருக்கினால் 1/400 வரும். அது முந்திரியில் ஐந்தில் நான்கு கூறு. ஆதலின் கீழ் முக்காலும் கீழ் மாவும் சேர்ந்ததே விடை. இத்தகைய நுண்மையைப் பத்து வயதுப் பிள்ளை எங்ஙனம் நெஞ்சில் நிறுத்திற்று? மாவும் காணியும் வெறும் எண்ணின் பெயர்களல்ல என்பதே ஒரு காரணம். வேலி நிலத்தில் இருபதிலொன்று மா. எண்ணைச் சொல்லும்போதே வயலும் வரம்பும் பிள்ளையின் கண்முன் நிற்கும். நம் யாழ்ப்பாணத்தில் எவருடைய நிலமும் காணியே. நாம் பரப்பாலும் குழியாலும் அளப்போமாயினும், எண்பதிலொன்றின் பெயரை நாள்தோறும் வாயாற் சொல்லி வருகின்றோம் என்பதை எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்பர்? நெல்லளவும் இவ்வாறே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி எனச் செல்லும் வரிசையை, வீட்டில் நெல் அளப்பதைக் கண்ட பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய தேவை மிகச் சிறிது. இது பொருளாற் பதியும் மனனம்.

மூன்றாவது வகைக்கு எல்லாரும் அறிந்த ஒரு விடுகதைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பறந்து சென்ற புறாக்கூட்டத்தைப் பார்த்து ஒரு பருந்து, "நீங்கள் நூறு பேரோ?" என்று வினவிற்று. "யாங்களும், எம்மளவினரும், எம்மிற் பாதியும், அப்பாதியிற் பாதியும், உன்னொடு சேர்ந்தால் நூறு" என்றது முன்சென்ற புறா. கூட்டத்திற் புறாக்கள் எத்தனை?

இதனைக் கேட்ட பிள்ளை ஒருமுறையிலேயே மனத்திற் கொள்ளும். கால் தேவைப்படுதலின், புறாக்கள் நான்கு என்று முதலில் வைத்துக்கொள்க. நான்கு, மறுபடி நான்கு, பாதி இரண்டு, கால் ஒன்று, ஆகப் பதினொன்று. பருந்தை நீக்கினால் வேண்டுவது 99. பதினொன்று 99இல் ஒன்பது முறை அடங்கும். ஆகவே புறாக்கள் நான்கின் ஒன்பது மடங்கு, அஃதாவது 36. இவ்வாறு விரும்பிய ஓர் எண்ணை வைத்து விடை காணும் முறைக்குப் பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய இலீலாவதியில் இஷ்டகர்மம் என்று பெயர். இங்கே கதை வெறும் அலங்காரமன்று. பருந்து புறாக்களின் இனமன்று; ஆதலால் அதனை முதலில் நீக்குதல் வேண்டும் என்பதைக் கதையே கற்பிக்கின்றது. "ஓர் எண்ணுடன் அவ்வெண்ணையும் அதன் பாதியையும் காலையும் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் நூறு" என்று வறிதே எழுதிக் கொடுப்பின், மாணவருட் பலர் அந்த ஒன்றை எங்கே வைப்பதென்று மயங்குவர். பருந்தைப் புறாவோடு மயங்குவார் இலர்.

இலீலாவதியிற் காணும் வேறொரு கணக்கு இதனினும் சிறந்தது. பாரதப் போரிற் கன்னன்மேற் சினந்த அருச்சுனன் சில அம்புகளை எடுத்தான். அவற்றிற் பாதியாற் கன்னனுடைய அம்புகளை விலக்கினான். மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் நான்கு மடங்கினாற் குதிரைகளை வீழ்த்தினான். ஆறு அம்புகளாற் சல்லியனை எய்தான். மூன்றினாற் குடை, கொடி, வில் ஆகியவற்றை அறுத்தான். ஒன்றினாற் கன்னன் தலையைக் கொய்தான். அவன் எடுத்த அம்புகள் எத்தனை?

பாரதம் அறிந்த மாணவனுக்கு இக்கணக்கின் ஓர் உறுப்பும் மறவாது. போரின் ஒழுங்கே கணக்கின் ஒழுங்கு. வரும் அம்பை விலக்காது முன்னேறல் இயலாது, குதிரைகளும் பாகனும் வீழ்ந்த பின்னரே வில்லும் கொடியும், தலை இறுதியில். சல்லியன் கன்னனுக்குத் தேர்ப்பாகன் என்பது தெரிந்தவன் ஆறு என்னும் எண்ணைத் தேடி அலையான். ஆயினும் புறாக் கணக்கிற் கைகொடுத்த இஷ்டகர்மம் இங்கே பயன்படாது. எண்ணை நான்கு மடங்காக்கினாற் பாதியும் நான்கு மடங்காகும். வர்க்கமூலமோ இரண்டு மடங்கே ஆகும். எனவே வேறு வழி வேண்டும். வர்க்கமூலத்தை ம என்க. அம்புகள் ம². அவற்றிற் பாதி போக எஞ்சியது மறுபாதி. அது 4ம + 10 என்பதற்குச் சமன். இரட்டித்தால் ம² = 8ம + 20. இருபுறமும் 8மவை நீக்கிப் பதினாறு கூட்டினால் (ம - 4)² = 36. ஆகவே ம = 10 அல்லது ம = -2. முதலாவதின்படி அம்புகள் 100: ஐம்பதும் நாற்பதும் ஆறும் மூன்றும் ஒன்றும். இரண்டாவதின்படி அம்புகள் 4. சமன்பாடு இரண்டையும் ஏற்கும். ஆனால் நான்கு அம்புகளே உடையவன் சல்லியன்மேல் ஆறு எய்தல் எங்ஙனம்? தள்ள வேண்டிய விடையைத் தள்ளியது அட்சரகணிதமன்று, கதையே.

இந்நூலைப் பற்றியே ஒரு கதை உண்டு. ஆசிரியரின் மகள் இலீலாவதியின் திருமண முகூர்த்தத்தை அறிய வைத்த நாழிகை வட்டிலில் முத்தொன்று விழுந்து துளையை அடைக்க, முகூர்த்தம் தவறியது என்றும், அவளைத் தேற்றவே தந்தையார் நூலுக்கு அவள் பெயரை இட்டார் என்றும் கூறுவர். இக்கதை அக்பர் அவைப் புலவர் பைசி 1587இற் செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையால் பரவியது. அதனைச் சரித்திரமாகக் கொள்ளல் அரிது. எனினும் நூலிற் கணக்கொன்றையும் அறியாதவரும் அம்முத்தை அறிவர்.

மனனத்தின் வலிமையையும் வறுமையையும் ஒருங்கே காட்டும் ஒரு நிகழ்ச்சி 1825இற் புதுச்சேரியில் நடந்தது. ஜோன் வாரன் என்பார், முன்னர்ச் சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர், அங்கே ஒரு பஞ்சாங்க கணிதரைக் கண்டார். அக்கணிதர் தரையிற் சோழிகளைப் பரப்பி, எழுதிய வாய்பாடு எதனையும் நோக்காது, நினைவில் வைத்திருந்த சொற்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31, யூன் 1 ஆம் நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஒட்டோ நொய்கெபவர் 1952இல் இதனை எடுத்துக்காட்டி, தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிழை என்று குறித்தார். அச்சொற்களே வாக்கியங்கள். எழுத்துக்கு எண் வகுக்கும் கடபயாதி முறையால், ஒவ்வொரு வாக்கியமும் ஓர் எண்ணைத் தன்னுள் அடக்கி நிற்கும். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். 248 நாளிற் சந்திரன் தன் அண்மைநிலைக்கு ஏறக்குறைய ஒன்பது முறை மீள்கின்றமையே அத்தொகைக்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கம் இம்மரபினதே.

ஆனால் அக்கணிதருக்குக் கிரகணம் ஏன் நிகழ்கின்றதென்னும் கொள்கை சிறிதும் தெரியாது என்று வாரன் எழுதினார். இதனை நாம் மறைத்தல் கூடாது. நம் ஆலயங்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வர். புதுச்சேரிக் கணிதரிடம் வாசிப்பவர் இருந்தார். பயன் சொல்பவர் இல்லை. வாக்கியம் தலைமுறை தலைமுறையாக வழுவாது வந்தது, வாக்கியத்தை ஆக்கிய அறிவோ வழியில் நின்றுவிட்டது. பிழை கண்டவிடத்துத் திருத்தும் வன்மை அவரிடம் இல்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் இவ்விரு நிலையும் உண்டு. பூசணிக்காயை உடையாமல் விதையை எண்ண ஒரு வெண்பா வழி கூறுகின்றது: கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியாக்கி, மூன்றாற் பகுக்க வேண்டுமாம். விதை அவ்வாறே இருக்குமோ என்பதைக் காயை உடைத்தே அறிதல் வேண்டும். அது நிற்க. மூன்றாற் பெருக்கிப் பின் மூன்றாலே பகுப்பது வீண். ஆறில் பாதி மூன்று. ஆகவே கீற்றைப் பதினைந்தாற் பெருக்கினாற் போதும். வெண்பாவைச் சொல்லும் மாணவன் கெட்டிக்காரன். சொல்லிவிட்டு, "ஐயா, இது பதினைந்து மடங்குதானே?" என்று கேட்கும் மாணவனையே ஆசிரியர் எதிர்பார்த்திருப்பார் என்று எண்ண எனக்கு விருப்பம். விடுகதையை அவிழ்ப்பது போல அவிழ்க்கத்தக்கதாகவே அது கட்டப்பட்டிருக்கின்றது.

நம் நாட்டிற் புதுக்கணிதம் வேரூன்றியதற்கு வட்டுக்கோட்டைச் செமினரி ஒரு பெருங்காரணம். 1823 முதல் 1855 வரை நிலவிய அக்கலைக்கூடத்தைச் சார்ந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் இவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தெரியாத தொகைக்கு எழுத்தை இட்டுவிட்டாற் புறாவும் அம்பும் ஒருவழிப்படும். இது பெரும் பேறு. இதனை இழந்து பழையதற்குத் திரும்புவோம் என்பார் சொல் கொள்ளத்தக்கதன்று.

இன்றைய வகுப்பறையில் நடப்பது என்ன? எண்சுவடி போயிற்று, மனனம் போகவில்லை. கேத்திரகணிதத் தேற்றங்களை வரிக்கு வரி நெட்டுருப் பண்ணிப் பரீட்சையில் ஒப்புவிக்கும் மாணவர் இன்றும் உளர். படத்தின் எழுத்துக்களை மாற்றிக் கொடுத்தால் அவர் எழுதுகோல் நின்றுவிடும். இவர்க்கும் புதுச்சேரிக் கணிதருக்கும் வேறுபாடு யாது? அவருக்குக் கிரகணமாவது கைகூடிற்று.

நிறுவலும் ஒரு கதையே என்பதை இவர்க்கு எவரும் சொல்லவில்லை. யூக்கிளிட்டின் முதற் புத்தகத்து 47ஆம் தேற்றத்தை எடுத்துக்கொள்க. செங்கோண முக்கோணத்தின் சிறுபக்கத்தில் ஒரு சதுரம் நிற்கின்றது. அதன் பாதி ஒரு முக்கோணமாகச் சரிகின்றது. அம்முக்கோணம் ஓர் உச்சியைப் பற்றிக்கொண்டு ஒரு செங்கோணம் திரும்புகின்றது. திரும்பிய முக்கோணம் செம்பக்கச் சதுரத்துள் ஒரு செவ்வகத்தின் பாதியாகச் சரிந்து அமைகின்றது. மற்றப் பக்கத்துச் சதுரமும் அவ்வாறே வந்து எஞ்சிய இடத்தை நிரப்புகின்றது. இப்பயணத்தைக் கண்ணாற் கண்டவனுக்கு எழுத்துக்கள் மாறினால் என்ன? ஒவ்வோர் அடியிலும் "ஏன் பரப்பு மாறவில்லை?" என்று கேட்டு விடையெழுதினால் அதுவே நிறுவலாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வசனக் கணக்கைக் கொடுத்தவுடன் எழுதவிடாதீர்கள். புத்தகத்தை மூடச்செய்து, நடந்ததைத் தன் சொல்லிற் சொல்லும்படி ஒரு மாணவனைக் கேளுங்கள். சொல்ல முடியாதவனுக்குத் தடை கணக்கில் இல்லை, கேள்வியை விளங்கிக்கொள்வதில் இருக்கின்றது. அவனுக்குச் சூத்திரத்தை எத்தனை முறை கொடுத்தும் பயனில்லை.

இளைய மாணவர்க்கு ஒன்று கூறி அமைவேன். ஒரு வணிகனிடம் நாற்பது சேர் நிறையுள்ள படிக்கல் ஒன்று இருந்தது. கூலியாள் ஒருவன் அதனைக் கீழே போட, கல் நான்கு துண்டாயிற்று. வணிகன் தலையிற் கைவைத்து இருந்தான். அவன் மகள் துண்டுகளை நிறுத்துப் பார்த்து, "அப்பா, இனித்தான் இது நல்ல கல். ஒரு சேர் முதல் நாற்பது சேர் வரை எந்த முழுச் சேரையும் இவற்றால் நிறுக்கலாம்" என்றாள். துண்டுகளைத் தராசின் இரு தட்டிலும் வைக்கலாம் என்பதை அவள் அறிந்திருந்தாள். நான்கு துண்டுகளின் நிறை யாவை? கல் ஐந்து துண்டாகி, அவற்றாலும் அவ்வாறே ஒன்று முதல் முழுக்கல் வரை நிறுக்கக் கூடுமாயின், அம்முழுக்கல் எத்தனை சேருக்கு மேற்படாது?