திரும்பாமலே திசை அறியும் தகடு

கேள்வி: சிக்னல் எந்த அலைவரிசையில், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க 'மெட்டாசர்ஃபேஸ்' என்ற தகடு வந்திருக்கிறதாமே! இதன் பூர்வீகம் என்ன? ஐந்தருவிப் பக்கம் செல்போன் சிக்னல் கிடைக்க உதவுமா?
– வாசகர், தென்காசி

பதில்: டிரான்சிஸ்டர் காலத்துத் தென்காசிக்காரர்களைக் கேளுங்கள். 1197 கிலோஹெர்ட்ஸில் நெல்லை வானொலியை வைத்துப் பெட்டியை மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் சத்தம் அடங்கிப்போகும். உள்ளே கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சியின் முனை அப்போது நெல்லையைப் பார்த்திருக்கும். பெட்டியை அசைக்காமல் முள்ளை மட்டும் 1161-க்கு நகர்த்தினால் திருவனந்தபுரம் நன்றாக எடுக்கும். தென்காசியிலிருந்து பார்த்தால் இரண்டு ஊரும் ஏறக்குறையச் செங்கோணத்தில் இருக்கின்றன. அலைவரிசையைச் சொல்ல முள், திசையைச் சொல்லக் குச்சி. முதல் உலகப் போரில் எதிரியின் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்களில் பலரும் கம்பிச் சட்டத்தைத் திருப்பித் தேடினார்கள்.

திருப்பும் வேலையைப் பாதியாகக் குறைத்த அற்புதம் நம் ஊட்டியில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முத்தோரையில் எழுந்த வானொலித் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையோடு ஒத்துப்போவதால், கிழக்கு மேற்காக வானத்தைத் தொடர ஒரே அச்சில் சுழன்றால் போதும். வடக்கு தெற்காகப் பார்க்க எதுவும் அசைவதில்லை. வரிசையாக நிற்கும் 1056 சிறு ஆன்டெனாக்களில் ஒவ்வொன்றும் பிடிக்கும் அலையைத் துளித்துளியாகத் தாமதித்துச் சேர்ப்பார்கள். எந்தத் திசை அலைகள் ஒன்றுகூடுகின்றனவோ அதுவே பார்வைத் திசை.

மெட்டாசர்ஃபேஸில் மீதிப் பாதியும் போய்விட்டது. அலைநீளத்தைவிடச் சிறிய செப்புக் கட்டங்களை அச்சிட்ட மெல்லிய பலகை அது. இந்த வகையில் கட்டத்துக்குக் கட்டம் டயோடு. அதை அணைத்தால் 0, போட்டால் 1. தெறிக்கும் அலையின் ஏற்றம் இறக்கமாக மாறுவது இந்த எண்ணைப் பொறுத்தது. சீனாவின் நான்ஜிங்கில் டியே ஜுன் சுய் குழு 2014-இல் இதை வெளியிட்டது. கட்டங்களை வெவ்வேறு நேரத்தில் வேகமாக மாற்றிக்கொண்டே இருந்தால், வந்த அலையின் இருபுறமும் புது அலைவரிசைகள் முளைக்கும். அவற்றின் இடம் மூல அலைவரிசையைக் காட்டிக்கொடுக்கும். அவற்றுக்குள் பலம் எப்படிப் பிரிகிறது என்பது திசையைக் காட்டிக்கொடுக்கும். ஆயிரம் ஆன்டெனா செய்த வேலைக்கு ஒற்றை ரிசீவர் போதும் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பூர்வீகம் கேட்டீர்களே, அது கல்கத்தா. ஜகதீஷ் சந்திர போஸ் 1898-இல் சணல் நாரை முறுக்கிக் கட்டி, அதன் வழியே மில்லிமீட்டர் அலைகளைச் செலுத்தினார். வலமுறுக்கு அலையின் அதிர்வுத் தளத்தை ஒரு பக்கமும் இடமுறுக்கு மறுபக்கமும் சுழற்றின. பொருளை மாற்றாமல் அமைப்பை மாற்றியே அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பலாம் என்று காட்டியவர் அவர்.

ஐந்தருவிக்கு வருவோம். அங்கே டவரை மலை மறைப்பதாகக் கொள்வோம். டவரும் அருவியும் தெரிகிற உயரத்தில் இத்தகைய தகட்டை நிறுத்தி, அலையைப் பள்ளத்துக்குத் திருப்பலாம். 6ஜி ஆய்வுகளில் இதைச் சோதிக்கிறார்கள். ஆனால் தகட்டுக்கு வரும் வழியிலும் அங்கிருந்து போகும் வழியிலும் அலை தேயுமாதலால் தகடு பெரிதாக வேண்டும். சீசன் கூட்டத்துக்கு இப்போதைக்குப் பள்ளத்திலேயே ஒரு சிறிய டவர் வைப்பதுதான் சரி.