தூக்கிப் போடும் பிக்கப்: காற்று கடைசி வேலை

பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போய், மறுநாள் காலி வண்டியோடு திரும்புகிற ஒரு பிக்கப் டிரைவர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, ஏர் சஸ்பென்ஷன் போட்டும் தூக்கித் தூக்கிப் போடுது. இடுப்பே கழண்டு போச்சு."

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் மெக்கானிக் வேலை கற்கும் இளைஞர்களுக்கும், சொந்த வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் இந்தப் புகார் புதிதல்ல. பெட்டியின் அடியில் இருக்கும் தக்காளி நசுங்கினால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். குற்றாலம் சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் ஏற்றுபவருக்கும் இதே கவலைதான். வண்டியின் குலுக்கல் டிரைவரின் முதுகையும் வருமானத்தையும் சேர்த்தே அடிக்கிறது. அதைச் சரியாகக் கண்டுபிடித்துத் தீர்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி வண்டிகள் வரும். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

காலி வண்டி ஏன் குதிக்கிறது?

நம் ஊர் சரக்கு பிக்கப்களின் பின்பக்கம் கம்பெனியிலிருந்து வருவது லீஃப் ஸ்பிரிங் பட்டைதான். பொலிரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று ரகங்கள் உண்டு. அந்த முழுப் பாரத்தையும் தாங்கும்படி பட்டை அடுக்கப்பட்டிருக்கிறது. பாரத்தை இறக்கிவிட்டால் பட்டைக்கு அமுங்க வேலையே இல்லை. பள்ளத்தில் சக்கரம் விழும் அடி நேராகச் சேஸிக்குப் போகிறது.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையில் பாரத்தால் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கியிருந்தால், வண்டி வினாடிக்கு 1 முறை மெதுவாக ஆடும். 6 செ.மீ. மட்டும் அமுங்கினால் வினாடிக்கு 2 முறை. 3 செ.மீ.க்குப் போனால் ஏறக்குறைய 3 முறை. கார் சொகுசாக இருப்பது ஆட்டம் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருப்பதால்தான். மனிதனின் முதுகெலும்பு மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான துடிப்பைத்தான் மிக மோசமாக உணர்கிறது. பட்டை இறுகிப்போன காலி பிக்கப் அந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது.

காற்று ஸ்பிரிங்கின் பெருமை இங்கேதான். பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். அமெரிக்காவில் 1953இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் பஸ்களில் ஏர் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. 2013இல் ராம் 1500 பிக்கப்பில் நான்கு சக்கரங்களுக்கும் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. இந்தியாவில் 2001இல் வந்த வால்வோ பஸ்கள்தான் காற்றில் மிதக்கும் பயணத்தைப் பலருக்கும் அறிமுகம் செய்தன. ஆனால் நம் பிக்கப்பில் இது பெரும்பாலும் வெளியே வாங்கிப் போடும் துணைப் பொருள். பட்டை அப்படியே இருக்கும். பட்டைக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு ரப்பர் பெல்லோ உட்காரும். பட்டையில் கோளாறு இருந்தால் பெல்லோவால் அதை மறைக்க முடியாது.

முதல் அரை மணி நேரம்: காற்றைத் தொடாதீர்கள்

1. டயரில் தொடங்குங்கள். வண்டியின் முதல் ஏர் சஸ்பென்ஷன் டயர்தான். 1888இல் டன்லப் காற்று டயரைக் கொண்டுவந்ததே குலுக்கலைத் தணிக்கத்தான். கதவுத் தூணிலோ வண்டிப் புத்தகத்திலோ கம்பெனி சொன்ன அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்து அளக்க வேண்டும். லோடுக்கு ஏற்றிய காற்றை அப்படியே வைத்துக் காலியாக ஓட்டுவது மிகப் பரவலான தவறு.

2. ஷேக்கிளைப் பாருங்கள். பட்டை அமுங்கும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது பின்முனை ஷேக்கிள். கிரீஸ் இல்லாமல் பின் துருவேறி இறுகிவிட்டால் பட்டை நீள முடியாது, அமுங்கவும் முடியாது. சாரலில் நனைந்து நனைந்து ஓடும் நம் வண்டிகளில் இது சாதாரணம். புஷ் தேய்ந்திருந்தால் 'டக் டக்' சத்தம் கேட்கும்.

3. சென்டர் போல்ட், யூ போல்ட், மெயின் பட்டை. விரிசல் இருக்கிறதா, பட்டை ஒரு பக்கம் நழுவியிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

4. ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்த தடம் முதல் அடையாளம். இன்னொரு வழி: கரடான ரோட்டில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஷாக்கையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடேறியிருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருந்தால், குளிர்ந்ததுதான் செத்தது.

5. பம்ப் ஸ்டாப். பட்டை முழுவதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர் கட்டை இது. அதன் மீது கொஞ்சம் கிரீஸ் தடவி, வழக்கமான லோடோடு ஒரு சுற்று அனுப்புங்கள். எதிர்ப்பக்க இரும்பில் கிரீஸ் ஒட்டியிருந்தால் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி அடிவாங்குகிறது என்று பொருள். லோடில் தூக்கிப் போடுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

நம் டிரைவரின் வண்டியில் வலது ஷேக்கிள் பின் அசையவே இல்லை. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது புஷ் போட்டு கிரீஸ் அடித்தபோதே பாதிப் புகார் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் காற்றின் முறை வருகிறது.

இப்போது காற்று

பெல்லோ தாங்கும் எடை என்பது காற்றழுத்தத்தை அதன் பரப்பால் பெருக்கிய தொகை. 5 அங்குல விட்டமுள்ள பெல்லோவின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர அங்குலம். 10 பி.எஸ்.ஐ. காற்றில் அது சுமார் 90 கிலோ தாங்கும். 50 பி.எஸ்.ஐ.யில் சுமார் 445 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்தால் 890 கிலோ. அந்த 50 பி.எஸ்.ஐ.யை இறக்காமல் காலி வண்டியை ஓட்டினால் என்ன ஆகும்? தாங்க எடை இல்லாததால் பெல்லோ வண்டியின் பின்பக்கத்தை மேலே தள்ளி, இறுகி நிற்கும். நம் டிரைவர் செய்ததும் இதைத்தான். லோடுக்காக ஏற்றிய காற்றோடு கேரளத்திலிருந்து காலியாகத் திரும்பியிருக்கிறார்.

அதற்காகக் காற்றை முழுவதும் பிடுங்கிவிடவும் கூடாது. காற்றில்லாத ரப்பர் மடிந்து, இரும்புக்கு இடையில் சிக்கிக் கிழியும். பெரும்பாலான கிட்களில் 5 பி.எஸ்.ஐ. அளவிலாவது காற்று இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். குறைந்த அளவு, அதிக அளவு இரண்டையும் கிட் புத்தகத்தில் பார்த்து, டிரைவர் கண்ணில் படும்படி டேஷ்போர்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். லோடுக்கு ஒரு எண், காலிக்கு ஒரு எண். சிறிய உதவிதான், வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

அடுத்தது குழாய். செலவைக் குறைப்பதற்காக இரண்டு பெல்லோவையும் டி-ஜாயின்ட் போட்டு ஒரே வால்வில் சேர்த்திருப்பார்கள். சமதளத்தில் தெரியாது. புளியரை எஸ் வளைவில் லோடோடு திரும்பும்போது வெளிப்பக்கத்து பெல்லோ அமுங்கி, அதிலிருக்கும் காற்று உள்பக்கத்துக்கு ஓடிவிடும். தாங்க வேண்டிய பக்கம் காற்று குறைந்து வண்டி இன்னும் சாயும். மலைப்பாதை ஓடும் வண்டிக்கு இடது, வலது தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கொல்லத்திலிருந்து தென்காசி வழியாகத் திருமங்கலம் வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 744இல் மலையும் உண்டு, சமவெளியும் உண்டு. இரண்டுக்கும் பொருந்துவது இதுதான்.

கசிவுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். மாலையில் அழுத்தத்தைக் குறித்து வைத்து, காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் ஜாயின்ட், வால்வு, பெல்லோவின் மடிப்பு என்று ஒவ்வொன்றாக நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரஸர் உள்ள வண்டியில் அது அடிக்கடி ஓடிக்கொண்டே இருந்தால் கம்ப்ரஸரை மாற்றுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள். கசிவு இருக்கும் வரை புதுக் கம்ப்ரஸரும் சூடேறிக் கெடும். வண்டியின் உயரத்தைச் சமமாக வைக்கும் லெவலிங் வால்வு இருந்தால் அதன் இணைப்புக் கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த கம்பி வண்டியின் உயரத்தைத் தப்பாகக் காட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். ஈரக் காற்றை இழுக்கும் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் சேரும். டேங்கைத் திறந்து தண்ணீரை வடிப்பதை வாராந்திர வேலையாக்குங்கள். பெல்லோவைச் சுற்றி ஒட்டிய சேறும் சிறு கல்லும் ரப்பரை அறுக்கும்; தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். குழாய் சைலன்ஸர் பக்கமோ கூரான இரும்பு விளிம்பின் மீதோ போகக் கூடாது.

பிரேக்கையும் சட்டத்தையும் மறக்காதீர்கள்

பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்த எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வண்டி உயர்ந்திருந்தால் காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் காற்றடித்து லோடு வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், 1.7 டன் பாரத்தோடு இறங்கும் வண்டியை அந்த வால்வு காலி வண்டியாக எண்ணிவிடும். அந்த வால்வு உள்ள வண்டியில் பெல்லோ போட்டால் கம்பியின் அளவைக் கம்பெனி முறைப்படி சரிபார்த்து, பிரேக்கைச் சோதித்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். குலுக்கலைத் தீர்த்துவிட்டு பிரேக்கைக் கெடுத்தால் அது பெரிய பாவம்.

பெல்லோ போட்டதால் வண்டியின் சுமை உரிமம் அதிகரிக்காது. ஆக்ஸில், பிரேக், டயர் எல்லாம் பழையதேதான். அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதமும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. கிட் மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் தரப்பிலும் கேட்டுத் தெளியச் சொல்லுங்கள்.

இதைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ. எட்டும் தூரத்தில் இருக்கிறது. படிப்போடு, ஆம்னி பஸ் பராமரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் சில மாதம் கை கொடுங்கள். பெல்லோ, லெவலிங் வால்வு, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் எல்லாம் தினசரி கையில் புரளும் இடம் அது. பஸ்ஸில் கற்றதைப் பிக்கப்பில் செய்வது சுலபம்.

முதலீடு பெரிதாக வேண்டாம். நம்பகமான டயர் கேஜ், டார்க் ரெஞ்ச், ஜாக் ஸ்டாண்டு, சோப்புத் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: டயர் அளவு, பெல்லோ அளவு, மாற்றிய பாகம், தேதி. யூ போல்டைக் கழற்றி மாட்டிய வண்டியை முதல் லோடு ஓடியதும் திரும்ப வரச் சொல்லி, மீண்டும் டார்க் வைத்துப் பாருங்கள்.

உயிர்ப் பாதுகாப்பில் ஒரு விதி: காற்று தூக்கி வைத்திருக்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்து, காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே பெல்லோவைக் கழற்ற வேண்டும்.

சோதனைக்கும் கூலி கேளுங்கள். அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் காரணம் கண்டுபிடிப்பது வேலை. அதைச் செய்யும் முன்பே தொகையைச் சொல்லிவிடுங்கள். பாகம் விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், தேவையில்லாத பெல்லோவை வாடிக்கையாளர் தலையில் கட்டத் தோன்றும். சோதனைக்குக் கூலி வாங்குகிற மெக்கானிக்குத்தான் "இதற்கு கிரீஸ் போதும்" என்று சொல்லும் தைரியம் இருக்கும்.

நம் டிரைவரின் வண்டியில் கடைசியாக மாறியவை: ஒரு ஷேக்கிள் புஷ், டி-ஜாயின்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய், டேஷ்போர்டில் ஒட்டிய இரண்டு எண்கள். புதுப் பெல்லோ எதுவும் வாங்கவில்லை. டிரைவரின் முதுகு அவர் குடும்பத்தின் முதல். அதைக் காப்பாற்றும் வேலையை வரிசை மாறாமல் செய்யுங்கள்: முதலில் டயர், பிறகு பட்டை, பிறகு ஷாக், கடைசியில்தான் காற்று.