அறிவியல் பக்கம்: ஹிரோஷிமாவில் எடுத்த ரத்தக் கணக்கு

1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவிலும், 9-இல் நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு போட்டதைப் படித்திருக்கிறோம். அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியலையே!

சடாகோ சசாகி என்ற ஹிரோஷிமா சிறுமிக்கு அப்போது வயது 2. உடம்பில் காயமே இல்லை. நன்றாக வளர்ந்தாள், வேகமாக ஓடுவாள். 1955-இல் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதே வருடம் அக்டோபர் 25-இல் இறந்தாள். வயது 12. நம்ம ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க வயசு!

இத்தனை வருஷம் கழிச்சு எப்படி வரும்? ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. கதிர்வீச்சு அங்குள்ள செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். சிதைந்த செல் சாகாமல் பிழைத்துக்கொண்டால், பின்னாளில் கெட்ட வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகலாம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுமார் 1,20,000 பேரை 1950 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் சுமார் 27,000 பேர் குண்டு விழுந்தபோது ஊரிலேயே இல்லாதவர்கள். அவங்க எதுக்கு? ஒப்பிட்டுப் பார்க்கத்தான்! ஒப்பீடு இல்லாவிட்டால் கூடுதல் எது, வழக்கமானது எது என்று தெரியாது.

2000 வரை, மஜ்ஜையில் ஓரளவு கதிர்வீச்சு பட்ட சுமார் 49,000 பேரில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 204 பேர். அதில் கதிர்வீச்சால் கூடியது சுமார் 94. மீதி 110 குண்டு விழாவிட்டாலும் வந்திருக்கும். ஆனால் அந்த 94 பேர் யார் யார் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்குக்குத்தான் தெரியும்.

நோய் அதிகமாக வந்தது 6 முதல் 8 வருடங்களில். சிறு வயதில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். ரத்த அணுக்கள் சரியாக முதிராத எம்.டி.எஸ். என்ற நோயோ, நாகசாகியில் 40 வருடத்துக்குப் பிறகும் கூடுதலாக வந்தது.

இந்த ஆய்வை 1947-இல் ஆரம்பித்தது அமெரிக்கக் குழு. “பரிசோதிக்கிறாங்க, வைத்தியம் பார்க்கலையே” என்று மக்கள் வருந்தினார்கள். அது நியாயமான வருத்தம் என்பது என் கருத்து. 1975 முதல் ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்துகின்றன.

எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார், பார்த்திருக்கீங்களா? அவர் மேல் பட்ட கதிர்வீச்சை அது அளக்கிறது. எவ்வளவு படலாம் என்ற அளவு, பெரும்பாலும் அந்த இரண்டு ஊர் மக்களின் கணக்கிலிருந்து வந்ததுதான்.