இந்த மாதப் பாடம்: குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரசு உதவி – எல்லோருக்கும் சமமா?



கடன், வட்டி, சேமிப்பு எல்லாவற்றுக்கும் நம்மிடம் நோட்டு இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு மட்டும் நோட்டு இல்லை. ஒரு உதாரணம் பார்ப்போம். தினக்கூலி 400 ரூபாய். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100, பஸ்சுக்கு 30. கையில் நிற்பது 270 தான். அமுச்சி வீட்டில் இருந்தால் அந்த 100 மிச்சம். இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஒரே பிரசவம், மூன்று விதமான உதவி

1. தமிழ்நாடு அரசு வேலையில் உள்ள பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு.

2. நூல் மில், பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இது 2017-ல் வந்தது.

3. தறிக்கூலிக்கும் காட்டு வேலைக்கும் போகும் ஏழைப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய்.

மூன்று குழந்தைக்கும் பசி ஒன்றுதான். உதவி மட்டும் அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்பதை வைத்து அளக்கப்படுகிறது. சம்பளம் குறைந்தவளுக்கே உதவியும் குறைவு.

பிரசவத்துக்குப் பிறகு

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-ம் ஆண்டு சட்டத் திருத்தம் சொன்னது. வெள்ளகோவில் பக்கம் நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக்குடோனை இந்த விதி தொடாது. தறிச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் தூளி கட்டித்தான் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டியிருக்கிறது.

அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம். இதில் அம்மாவின் வேலையைக் கேட்பதில்லை. எல்லாப் பிள்ளையும் வரலாம். ஆனால் நம் மாநிலத்தில் பகலில் அங்கே இருப்பது 2 வயது நிரம்பிய பிள்ளைகள்தான். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். மாவு கிடைக்கிறது, சரி. குழந்தையை யார் பார்த்துக்குவா? சிப்ட் முடிவதற்குள் அங்கன்வாடியும் பூட்டிவிடும்.

வீட்டில் இருப்பவர் கேட்கும் கேள்வி

"நான் வேலைக்குப் போகாம என் பிள்ளையை நானே பாத்துக்கறேன். வேலைக்குப் போறவளுக்கு மட்டும் அரசு ஏன் செலவு பண்ணணும்?" இது நியாயமான கேள்விதான். செல்போன் ரீசார்ஜ் முதல் செருப்பு வரை நாம் எல்லோரும் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். அதனால் காப்பகம் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தாயும் உடம்பு முடியாத நாளில் விட்டுப் போகலாம். அவர் வீட்டில் செய்வதும் வேலைதான். அதை ஒப்புக்கொண்டுதான் 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தரப்பட்டது.

கட்டணம் வைத்தால் வருமானத்துக்கு ஏற்ப வைக்கலாம். 2017-ல் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் மாதத்துக்கு ஏழைக் குடும்பத்துக்கு 20, அடுத்த நிலைக்கு 100, அதற்கு மேல் 200 ரூபாய் என்று வைத்தார்கள். வருமான வரியில் சலுகை கொடுப்பது மட்டும் போதாது. வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாத நமக்கு அதில் ஒரு பைசாவும் வராது.

பார்த்துக்கொள்பவருக்கும் கூலி வேண்டும். 2005-ம் ஆண்டின் 100 நாள் வேலைச் சட்டத்தில், வேலைத்தளத்துக்கு 6 வயதுக்குக் கீழ் 5 பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அதே கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளை வளர்ப்பும் வேலை என்று சட்டமே சொன்னது.

2022-ல் வந்த பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்த வழி இருக்கிறது. கேட்டால்தான் நம் ஊருக்கு வரும்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

• நம் குழுவில் 3 வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள்? பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

• எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை காப்பகம் திறந்திருந்தால் நமக்கு உதவும்?

• பிள்ளையால் வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலி மாதம் எவ்வளவு?

ஊக்குநர்கள் இந்தக் கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதி, உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி, கூட்டமைப்புக்குக் கொடுங்கள். எல்லாக் குழுக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கிராம சபையில் வைப்போம். "கஷ்டம்" என்று சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணிக்கையோடு சொன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.