சிறு செலவில் ஹெட்போனும் அம்பிளிபயரும்: தெரிவு செய்யும் முறை

ஹெட்போன் வாங்கப் புறப்படுபவர், அது எந்த இடத்தில், எக்கருவியில் பொருத்திக் கேட்கப்படப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்; நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பது அதற்குப் பின்னரே. காதை மூடும் கிண்ணத்தின் பின்புறம் அடைக்கப்பட்டிருப்பின் அது மூடிய வகை எனவும், வலையிட்டுத் திறந்திருப்பின் திறந்த வகை எனவும் சொல்லப்படும். திறந்த வகை ஒலியை விரிவாகத் தருமெனினும் வெளியோசையைத் தடுப்பதில்லை. ஆதலால் காங்கேசன்துறை வீதியின் வாகன இரைச்சலும், திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியும், தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் ஒன்றுசேரும் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து வீடொன்றில், இரவில் தனியறையில் கேட்பவர் நீங்கலாக ஏனையோருக்கு மூடிய வகையே பொருந்தும். இவ்வூர் வெக்கையில் காது வியர்ப்பதும் செயற்கைத் தோல் மெத்தை உரிவதும் தவிர்க்க முடியாதவையாகையால், துணிமெத்தை உடையதையும், மெத்தையும் வயரும் கழற்றி மாற்றத்தக்கதையும் தேடுவது நன்று.

அடுத்து, பெட்டியில் அச்சிடப்பட்ட இரண்டு எண்களை வாசிக்க வேண்டும். ஒன்று மின்மறுப்பு, ஆடலோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பாகிய இது ஓம் என்னும் அலகில் தரப்படும். மற்றையது உணர்திறன், 1 மில்லிவாற்று வலு கொடுக்கும்போது எழும் ஒலியின் அளவை டெசிபெல்லில் கூறுவது இது. சில நிறுவனங்கள் மில்லிவாற்றுக்குப் பதிலாக 1 வோல்ற்றுக்குரிய எண்ணை அச்சிடுகின்றன. 32 ஓம் ஹெட்போனில் அந்த எண் 15 டெசிபெல் கூடுதலாகத் தோன்றுமாதலால், அலகைப் பாராமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுபவர் ஏமாறுவார்.

அம்பிளிபயர், அதாவது பாடநூல்கள் விரியலாக்கி எனக் குறிப்பிடும் கருவி, தேவையா என்பதை இவ்விரு எண்களைக் கொண்டே கணித்துவிடலாம். வோல்ற்றளவை வோல்ற்றளவால் பெருக்கி மின்மறுப்பால் வகுத்தால் வலு கிடைக்கும். வலு பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 10 டெசிபெல் உயரும். 1 வோல்ற்று தரும் கைத்தொலைபேசி இணைப்பி ஒன்றில், 60 ஓமும் 101 டெசிபெல்லும் உடைய கொஸ் போர்ட்டா புரோ ஏறத்தாழ 17 மில்லிவாற்றைப் பெற்று 113 டெசிபெல் வரை எழும். அதற்கு அம்பிளிபயர் வீண் செலவு. 250 ஓமும் 96 டெசிபெல்லும் உடைய பேயர்டைனமிக் டிடி 770 புரோ 4 மில்லிவாற்று மட்டுமே பெற்று 102 டெசிபெல்லில் நின்றுவிடும். இணைப்பி அரை வோல்ற்றே தருவதாயின் இன்னும் 6 டெசிபெல் குறையும்; அம்பிளிபயரின் தேவை அங்கேதான் எழுகிறது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லே எல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், மேலே கண்ட உயர்ந்த எண்கள் இசையின் கணநேர எழுச்சிகளுக்கான இடமேயன்றித் தொடர்ந்து கேட்பதற்குரியவை அல்ல.

மில்லிவாற்று எவ்வளவு சிறியது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு விளக்குவது எளிது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். வழக்கமான டைனமோ தரும் 3 வாற்று, 1 மில்லிவாற்றின் மூவாயிரம் மடங்காகும். ஹெட்போனுக்கு வேண்டிய வலு இத்தனை சிறிதே; ஆகவே கையிருப்பின் பெரும்பகுதியை ஹெட்போனுக்கே ஒதுக்கி, அம்பிளிபயர் இன்றிச் சில வாரங்கள் கேட்டுப் பார்ப்பதே முறை.

கேட்டுச் சோதிப்பதற்குத் தவிலைவிடக் கடுமையான தேர்வு அரிது. சுன்னாகத்தின் அயலூர்களான இணுவிலும் அளவெட்டியும் அதற்குப் பெயர்பெற்றவையாதலால் பழகிய செவிகளுக்கும் இங்கே குறைவில்லை. விரற்கூடு அணிந்து வாசிக்கும் வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெறிக்க வேண்டும். கழியால் அடிக்கும் தொப்பியின் முழக்கம் நாதஸ்வரத்தின் மேல் படர்ந்து மூடக் கூடாது. தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் காலத்துப் பதிவுகளில் நாடாவின் இரைச்சலும் கேட்குமாயின், அது ஹெட்போனின் குறையன்று. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்வது கட்டாயம். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததெனச் செவி மயங்கும்.

ஒலியளவை முழுதாக உயர்த்திய பின்னும் போதாதெனில் மட்டும் அம்பிளிபயரைத் தேடலாம். அதன் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால், சுருதிக்குச் சுருதி மாறும் ஹெட்போனின் மின்மறுப்புக்கேற்ப வோல்ற்றளவும் மாறி, இசையின் நிறம் திரியும். விலை இங்கே நம்பத்தக்க அளவுகோலன்று: பெயர் வெளியிடாத பொறியியலாளர் ஒருவர் 2011இல் யாவருக்கும் திறந்துவிட்ட ஓ2 என்னும் வடிவமைப்பு, மலிவான உறுப்புகளைக் கொண்டே மிகத் தூய வெளியீட்டைத் தந்தது.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் அம்பிளிபயராயின், செருகுமுன் அதன் அடப்டரில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். அங்கே மின்வழங்கல் 120 வோல்ற்று, இங்கே 230. 100 முதல் 240 வரை என்று குறித்திருப்பின் செருகுமுனை மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருப்பின் நேரே செருகினால் எரிந்துவிடும். ஓ2 போன்றவை ஆடலோட்டம் தரும் அடப்டரையே ஏற்பதால், உள்ளூர்க் கடையில் மாற்று வாங்குபவர் வோல்ற்றளவோடு ஓட்டத்தின் வகையையும் கேட்டு வாங்க வேண்டும். யூஎஸ்பி வழியே வலு பெறும் சிறு கருவியைத் தெரிவு செய்பவருக்கு இத்தொல்லை இல்லை.