இருபது மீற்றர் வலைக்குள் எவ்வளவு நிலம்?

அட்சரகணிதத்தில் சார்பு படிக்கும் பிள்ளைகள் ஆட்சி, வீச்சு என்ற இரு சொற்களில் தடக்குப்படுகிறார்கள். கொட்டிலடியில் கத்தரி நடுவதை வைத்தே பார்ப்போம்.

நம்மிடம் 20 மீற்றர் கம்பிவலை இருக்கிறது. செவ்வகமாக அடைக்கிறோம். ஒரு பக்கம் அ மீற்றர் என்றால் அடுத்த பக்கம் 10 − அ. பரப்பு அ × (10 − அ).

அ இற்குக் கொடுக்கக்கூடிய பெறுமானங்களே ஆட்சி. 12 கொடுக்கலாமா? சமன்பாடு மறுக்காது, −24 என்று விடை தரும். ஆனால் 12 மீற்றர்ப் பக்கங்கள் இரண்டுக்கே 24 மீற்றர் வலை வேண்டுமே! 0 கொடுத்தால் வலை மடிந்து கிடக்கும், ஒரு கன்றும் நடமுடியாது. ஆகவே ஆட்சி 0 இலும் கூடிய, 10 இலும் குறைந்த எண்கள். 2.5 போன்றவையும் இதில் அடங்கும். பிள்ளைகள் முழு எண்களை மட்டும் எழுதிவிடுவதுண்டு.

வெளிவரும் பரப்புகளே வீச்சு. அ 1 என்றால் 9 சதுர மீற்றர். 2 என்றால் 16. பின் 21, 24, 25. அ 6 ஆனதும் மீண்டும் 24. ஏன் 25 ஐத் தாண்டவில்லை? பக்கங்களை 5 + த, 5 − த என எழுதிப் பெருக்குங்கள். 25 இலிருந்து த இன் வர்க்கம் கழிபடும். எனவே வீச்சு 0 இலும் கூடியது, 25 வரை.

ஒரு பக்கம் ஏற்கெனவே மதில் இருந்தால் மூன்று பக்கம் அடைத்தால் போதும். மதிலிலிருந்து வரும் பக்கம் அ என்றால் பரப்பு அ × (20 − 2அ). ஆட்சி மாறவில்லை. வீச்சோ 50 வரை போகிறது.