புறத்தோற்றம் ஒன்று, எண்ணெய் வழி வேறு
ஷெவர்லேயின் 216, 235 எஞ்சின்கள்

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு எஞ்சின்கள் புறத்தோற்றத்தில் ஒத்திருப்பதனால் உள்ளமைப்பிலும் ஒத்தவையே என்று கொள்வது, பழுதுபார்ப்போர் எளிதில் செய்யும் பிழையாகும். அமெரிக்க ஷெவர்லே கார்களில் அமைந்த 216, 235 என்னும் எஞ்சின்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இவ்வெண்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பன.

இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. வால்வுகள் தலைப்பகுதியில் உள்ளன. கிராங்க் அச்சை நான்கு முதன்மைப் பேரிங்குகள் தாங்குகின்றன. 1937ஆம் ஆண்டில் வந்த 216இன் சிலிண்டர் விட்டம் 3½ அங்குலம்; பிஸ்டன் வீச்சு 3¾ அங்குலம். 1941இல் லாரிகளுக்கென வந்த 235இல் இவை முறையே 3 9/16, 3 15/16 அங்குலம். அளவில் வேறுபாடு சிறிதே. பெரிய வேறுபாடு மசகெண்ணெய் செல்லும் வழியில் பின்னர் ஏற்பட்டதாகும்.

216இல் முதன்மைப் பேரிங்குகளுக்குப் பம்பு அழுத்தத்துடன் எண்ணெய் செலுத்துகிறது. இணைப்புத் தண்டின் அடிப் பேரிங்குக்கு அவ்வழி இல்லை. தண்டின் அடிமூடியிலுள்ள கரண்டி போன்ற உறுப்பு, கீழேயுள்ள சிறு தொட்டியிலிருந்து எண்ணெயை முகந்துகொள்ளும். வேகம் கூடியவிடத்து, குழல்முனையிலிருந்து பீறிடும் எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். பேரிங்கின் உட்பரப்பு உருக்கி வார்த்த பாபிட் உலோகமாகும். அது தேய்ந்தால், இடையிலுள்ள மெல்லிய தகடுகளை எடுத்து இடைவெளியைச் சரிசெய்வர்.

1953இல் பவர்கிளைடு தானியங்கிக் கியர் பொருத்திய கார்களின் 235இலும், 1954 முதல் கார்களின் எல்லா 235இலும் இம்முறை கைவிடப்பட்டது. கிராங்க் அச்சினுள் துளைத்த வழிகளின் மூலம் எண்ணெய் அழுத்தத்துடனேயே அடிப் பேரிங்கை அடைந்தது. வார்த்த பாபிட்டுக்கு மாறாகக் கழற்றி மாற்றத்தக்க பேரிங் ஓடுகளும், வார்ப்பிரும்புப் பிஸ்டனுக்கு மாறாக அலுமினியப் பிஸ்டனும் வந்தன.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. 216இல் அழுத்தமானி குறைந்த அளவைக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு பம்பைக் குறைகூறலாகாது. ஆனால் மானி சரியான அளவைக் காட்டும்போதே கரண்டி வளைந்தோ குழல்முனை அடைபட்டோ இருப்பின், பாபிட் உருகிவிடக்கூடும். அடிப் பேரிங்கின் நிலையை அம்மானி அறிவிப்பதில்லை. ஆகவே எண்ணெய்த் தட்டைக் கழற்றும்போதெல்லாம் தொட்டி, குழல்முனை, கரண்டி ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும்.

235 என்னும் எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. 1950 முதல் 1952 வரையிலான கார்களின் 235 பழைய முறையையே கொண்டது. ஆண்டை அறிந்து, ஐயமிருப்பின் தட்டைக் கழற்றிப் பார்த்தே முடிவுசெய்க.

ஆசிரியர்கள் கிண்ணத்து நீரில் ஒரு கரண்டியைச் சுழற்றிக் காட்டலாம். நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் கரண்டி வெறுமையாகவே சுழல்வதை மாணவர் நேரிற் காண்பர்.